ஜே.சி. டேனியல்: உரிமை கோருவோரிடம் சில கேள்விகள்

கேரளத்தோடு நமக்குப் பிணக்கு மூளும்போதெல்லாம், அது முல்லைப் பெரியாறாக இருக்கட்டும், நெய்யாற்று இடதுகரைக் கால்வாயாக இருக்கட்டும், ஒரு வாக்கியம் தவறாமல் புறப்பட்டுவிடுகிறது. 'மலையாள சினிமாவின் தந்தையே ஒரு தமிழர்தான், தெரியுமா?' சொல்பவர் முகத்தில் வெற்றிக்களை. கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். ஜே.சி. டேனியல் என்ற பெயர் அப்போது ஐந்து நிமிடம் உயிர்பெறுகிறது. பிணக்கு தணிந்ததும் அதுவும் தணிந்துவிடுகிறது. அவர் எடுத்த படம் எது, அந்தப் படத்துக்குப் பிறகு எந்தெந்த ஊர்களில் என்ன தொழில் செய்து வாழ்ந்தார் என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

அந்த வாக்கியத்தோடுதான் எங்களுக்குச் சண்டை. அதில் சொல்லப்படும் தகவல் பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லும் தகுதியைச் சம்பாதித்துக்கொள்ளத் தமிழ்ச் சூழல் செய்தது மிகச் சொற்பம். இன்னும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறோம்: டேனியல் 'தமிழர்' என்று சொல்லி அவருக்கு உதவித்தொகை மறுத்த கேரள அதிகாரியும், டேனியல் 'தமிழர்' என்று சொல்லி இன்று மார்தட்டிக்கொள்பவரும் ஒரே கோலைக் கொண்டுதான் அளக்கிறார்கள். இருவருக்கும் அந்த மனிதர் முக்கியமில்லை, எல்லைக்கோடுதான் முக்கியம்.

நாங்கள் இதைத் தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறோம். துறைமுகத்துக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வழக்கமாகக் கேட்கும் நண்பர்கள் இம்முறை துறைமுகத்துக்கும் மலையாள சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடும். இருக்கிறது. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து முத்துக்குளித்துறை என்று அழைக்கப்பட்ட கடற்கரை தூத்துக்குடியோடு முடிவதில்லை. தெற்கே மணப்பாடு, பெரியதாழை, உவரி என்று இறங்கிக் கன்னியாகுமரியில்தான் முடிகிறது. கன்னியாகுமரியை ஒட்டிய அகஸ்தீஸ்வரம்தான் டேனியலின் ஊர். அரசியல் வரைபடம் அந்த ஊரைத் திருவிதாங்கூர் என்றது, சென்னை மாநிலம் என்றது, பிறகு தமிழ்நாடு என்றது. கரையின் கணக்கில் அது எங்கள் கரையின் தென்கோடி. இதை உரிமைப் பத்திரமாக நீட்டவில்லை. இந்தக் கட்டுரையில் பின்னால் கொழும்புக் கப்பல் ஒன்று வரப்போகிறது; அதற்கான முன்குறிப்பு இது.

ஜோசப் செல்லையா டேனியல் வசதியான நாடார் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் படித்தவர். களரிப்பயிற்றிலும் அடிமுறையிலும் தேர்ச்சி பெற்று, வாள்வீச்சுக் கலை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதியவர். களரியை உலகுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் அவரைச் சினிமாவில் கொண்டுபோய்விட்டது. பின்னாளில் நடந்ததையெல்லாம் நினைக்கும்போது இந்தத் தொடக்கம் சற்று வேடிக்கையாகக்கூடத் தோன்றுகிறது. கம்பு சுழற்றத் தெரிந்தவர் காமிராவைச் சுழற்றப் போனார். சினிமா கற்க முதலில் சென்னைக்குத்தான் சென்றார். அங்கே ஸ்டுடியோக்களுக்குள் அவரை அனுமதிக்கவில்லை என்று அவர் வரலாறு சொல்கிறது. ('தமிழரின் பெருமை' பேசுவோர் இந்த இடத்தைக் கவனிக்கவும்.) பிறகு பம்பாய். தன்னை ஆசிரியர் என்றும், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே வந்திருப்பதாகவும் சொல்லித்தான் அங்கே உள்ளே நுழைய முடிந்தது. கற்றுக்கொண்டு, கருவிகளும் வாங்கிக்கொண்டு திரும்பி, 1926இல் திருவனந்தபுரம் பட்டத்தில் ஸ்டுடியோ ஒன்றை நிறுவினார். அதன் பெயர் 'டிராவன்கூர் நேஷனல் பிக்சர்ஸ்'.

அந்தப் பெயரை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அதில் மலையாளமும் இல்லை, தமிழும் இல்லை. டேனியலின் 'நேஷன்' திருவிதாங்கூர். இரண்டு மொழிகளும் ஒரே சந்தையில் புழங்கிய, ஒரே வீட்டிலும் சில சமயம் புழங்கிய ஒரு ராஜ்ஜியம் அது. அவர் எடுத்த 'விகதகுமாரன்' மௌனப் படம். 'மலையாளத்தின் முதல் படம்' என்று நாம் சொல்லும் அந்தப் படத்தில் யாரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அது எந்த மொழிப் படம் என்ற கேள்வியே பின்னாளில், மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த பிறகு, நாம் கொண்டுபோய் அதன் மேல் ஏற்றி வைத்த சுமை.

படத்துக்கான பணம் நிலத்தை விற்று வந்தது. நான்கு இலட்சம் ரூபாய்க்கு விற்றார் என்று பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. தொகை எதுவானாலும், போட்டதில் எதுவும் திரும்பவில்லை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கள் கரையில் முத்துச்சிப்பி ஏலம் என்று ஒன்று இருந்தது. 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன தொழில். குவித்துவைத்த சிப்பிகளைத் திறக்காமலேயே ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அதன்பின் திறந்து பார்ப்பார். முத்து இருந்தால் செல்வந்தர், இல்லாவிட்டால் கையில் நாற்றம் மட்டும். டேனியல் எடுத்தது அப்படிப்பட்ட ஏலம். கப்பல் வாங்குவதற்காக எல்லாவற்றையும் இழந்த ஒருவரின் பெயரைத் துறைமுகத்துக்குச் சூட்டியிருக்கும் ஊர் இது. ஆகவே ஒருவர் இப்படிச் செய்தது எங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றவில்லை.

இனி அந்தக் கப்பல். 'விகதகுமாரன்' கதை இது: திருவிதாங்கூரின் பணக்கார வீட்டுப் பிள்ளை சந்திரகுமாரனைப் பூதநாதன் என்ற வில்லன் கடத்திக்கொண்டு இலங்கைக்குப் போகிறான். பிள்ளை அங்கே வெள்ளைக்காரர் தோட்டமொன்றில் கூலியாக வளர்ந்து, கண்காணிப்பாளர் பதவிக்கு உயர்கிறான். அவனுடைய தூரத்து உறவினன் ஜெயச்சந்திரன் தற்செயலாக இலங்கைக்கு வந்து, இருப்பதைப் பறிகொடுத்து, அவனுடனே நட்பாகிறான். இருவரும் ஊர் திரும்புகிறார்கள். ஒரு தழும்பு உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. சிறுவனாக நடித்தவர் டேனியலின் சொந்த மகன்.

சாதாரணக் கதைதான். ஆனால் அந்த ஆண்டுகளில் நம் நாட்டில் படமெடுக்க வந்தவர்களில் பெரும்பாலோர் புராணத்திலிருந்து கதை எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த முதல் படம் 'கீசக வதம்'. டேனியலோ கீசகனையும் திரௌபதியையும் விட்டுவிட்டுத் தோட்டக் கூலியை எடுத்துக்கொண்டார். இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று விமர்சகர்கள் வியந்திருக்கிறார்கள். எங்களுக்கு அதில் பெரிய மர்மம் இல்லை. தென்திருவிதாங்கூரிலும் திருநெல்வேலிச் சீமையிலும் 'கொழும்புக்குப் போனவர்' என்பது அன்றாடப் பேச்சு. 1914இல் தனுஷ்கோடிப் பாதை திறக்கும்வரை சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயில் தூத்துக்குடிக்குத்தான் வந்தது. பயணிகள் இங்கே இறங்கிக் கொழும்புக் கப்பல் ஏறினார்கள். அதன் பிறகும் தூத்துக்குடி–கொழும்புப் போக்குவரத்து நின்றுவிடவில்லை. போனவர்களில் திரும்பி வராதவர்கள் உண்டு. முகம் மறந்துபோன பிறகு திரும்பி வந்தவர்களும் உண்டு. இந்தக் கரையில் அந்தக் கதையை யாரும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. 'விகதகுமாரன்' மலையாளிகளின் முதல் படம் என்பதோடு, தென்னிந்தியப் புலம்பெயர்வைத் திரையில் காட்டிய மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்றும் ஆகும். மலையகம் பற்றியும் புலம்பெயர் இலக்கியம் பற்றியும் இத்தனை சிறப்பிதழ்கள் கொண்டுவந்த தமிழ்ச் சிற்றிதழ் உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்க வேண்டாமா?

(தொலைந்த பிள்ளையைப் பற்றிப் படமெடுத்தவர் தானே தொலைந்த பிள்ளையானார் என்ற சிலேடை டேனியலைப் பற்றிய கட்டுரைகளில் தவறாமல் வருகிறது. அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறோம்.)

படம் திருவனந்தபுரம் கேப்பிடல் அரங்கில் திரையிடப்பட்டது. 1928 நவம்பர் 7 என்று பல காலம் அச்சிட்டு வந்தார்கள். பிற்கால ஆய்வுகள் 1930 அக்டோபர் 23 என்று திருத்தின. தேதியைவிட முக்கியமானது அன்று நடந்தது. நாயகி சரோஜினியாக, ஒரு நாயர் பெண்ணாக, நடித்தவர் பி.கே. ரோசி. கூலி வேலை செய்து பிழைத்த தலித் பெண். மதியச் சோறு கட்டிக்கொண்டு படப்பிடிப்புக்கு வந்துவிட்டு, மாலையில் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார் என்று சொல்லப்படுகிறது. முதல் காட்சிக்கு வந்த பிரமுகர்கள் அவர் அரங்கிற்குள் இருக்கக் கூடாது என்றார்கள் என்பதும், அவருடைய கூந்தலில் இருந்த பூவை நாயகன் முத்தமிடும் காட்சியில் கூச்சல் எழுந்து திரையின் மீது கல் வீசப்பட்டது என்பதும் அந்நிகழ்ச்சி பற்றித் தொடர்ந்து சொல்லப்பட்டு வருபவை. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வருவதற்கு இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

அங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். டேனியல் பிறந்த சமூகத்தின் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக அதே திருவிதாங்கூரில் அடிபட்டவர்கள். தோள்சீலைக் கலகத்தின் முடிவில் அரசாங்கம் 1859இல் அறிவிப்பு வெளியிட்டுத்தான் அந்த உரிமை வந்தது. டேனியலுக்கு அது பாட்டிமார் காலத்துச் செய்தி. உடை என்பது உடம்பின் மீது எழுதப்பட்ட சாதி என்பதை அந்தக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்தான் ஒரு தலித் பெண்ணுக்கு நாயர் பெண்ணின் உடையை உடுத்திக் காமிராவின் முன் நிறுத்தினார். அதைத் தெரிந்தே செய்த புரட்சி என்று எழுதும் ஆசை எங்களுக்கு இல்லை. முதலில் பம்பாயிலிருந்து ஒரு நடிகையைத்தான் ஒப்பந்தம் செய்திருந்தார். அது சரிவராமல் போன பிறகே ரோசி வந்தார். ஆனாலும் வேறொருவரைத் தேடாமல் ரோசியிடம் வந்து நின்றார் என்பதும் உண்மை.

விலை கொடுத்தது யார் என்ற கேள்வியும் உண்டு. டேனியல் பணத்தை இழந்தார், ஸ்டுடியோவை இழந்தார். ரோசி வீட்டை இழந்தார், ஊரை இழந்தார், பெயரையே இழந்தார். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டதும், நாகர்கோவில் பக்கம் வந்த லாரி ஒன்றில் ஏறித் தப்பியதும், அந்த லாரி ஓட்டுநரையே மணந்து ராஜம்மாள் என்ற பெயரில் எஞ்சிய காலத்தைக் கழித்ததும் கேரளத்தில் குன்னுக்குழி எஸ். மணி போன்றவர்கள் பல்லாண்டுகள் தேடித் தொகுத்த செய்திகள். 2013இல் வெளிவந்த கமலின் 'செல்லுலாயிட்' படத்தைத் தலித் விமர்சகர்கள் சாடியதற்குக் காரணம் இதுதான். அந்தப் படம் ரோசியைப் பயந்த, பணிந்த பெண்ணாகவும் டேனியலைக் கைதூக்கிவிடும் புண்ணியவானாகவும் காட்டிவிட்டது என்றார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ரோசி ஏற்கெனவே காக்காரிசி நாடகத்தில் நடித்தவர்; மேடை கண்டவர். காக்காரிசி நாடகத்தின் மொழி எது தெரியுமா? தமிழும் மலையாளமும் கலந்த மொழி. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கும் இடத்தில், அந்தப் பெண் இரண்டு மொழியையும் ஒரே மூச்சில் பேசும் கலையிலிருந்து வந்திருக்கிறார்.

படம் தோற்றது. கருவிகள் விற்கப்பட்டன, ஸ்டுடியோ மூடப்பட்டது. இதற்குப் பிறகான நாற்பது ஆண்டுகளைத்தான் தமிழ்நாட்டு வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். ஏனென்றால் அந்த நாற்பதாண்டும் பெரும்பாலும் நம் ஊர்களில்தான் கழிந்தது. டேனியல் பல் மருத்துவரானார். பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி என்று ஊர் ஊராகத் தொழில் செய்தார். இடையில் பி.யு. சின்னப்பாவின் பழக்கத்தால் சினிமா ஆசை மறுபடி மூண்டு, சென்னைக்குப் போய், கையில் மிஞ்சியதையும் விட்டுவிட்டு வந்தார் என்கிறார்கள். கடைசியில் அகஸ்தீஸ்வரத்துப் பூர்விக வீடு. 1975இல் மரணம். படத்தின் சுருளும் மிஞ்சவில்லை. சிறு வயதில் விவரமறியாமல் அதைத் தீயிலிட்டு விளையாடியதாக அவருடைய இளைய மகனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பாளையங்கோட்டை எங்களுக்கு ஒரு மணி நேரத் தொலைவு. கல்லூரிகளும் அச்சகங்களும் தமிழறிஞர்களும் நிறைந்த ஊர். தென்னாட்டின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெருமை பேசப்படும் ஊர். அங்கே தென்னிந்திய சினிமாவின் முன்னோடிகளுள் ஒருவர் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தேடிக் கண்டுபிடித்தது யார்? சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற மலையாளப் பத்திரிகையாளர். எல்லை கடந்து அகஸ்தீஸ்வரத்துக்கு வந்து, மனிதரைப் பார்த்து, பேசி, எழுதி, அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்று, கடைசியில் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதியவர் அவர்தான். தமிழ்நாட்டு மண்ணில் வாழ்ந்த ஒருவரை நமக்கு அறிமுகப்படுத்தவும் கேரளத்திலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

இதற்கு நம்மவர்கள் தரும் மறுமொழி எங்களுக்குத் தெரியும். கேரள அரசு என்ன செய்தது என்பார்கள். செய்ததைச் சொல்கிறோம். நலிந்த கலைஞர்களுக்கான உதவியை டேனியலுக்குக் கேட்டபோது, அவர் தமிழ்நாட்டில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்பவர், ஆகவே அங்கே கேட்டுக்கொள்ளட்டும் என்று மறுத்தார்கள். வெட்கக்கேடுதான். அவர் பிறந்தபோது அகஸ்தீஸ்வரம் திருவிதாங்கூரில் இருந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. டேனியல் இடம் மாறவில்லை, எல்லை மாறியது. இந்த எளிய உண்மை கோப்பு பார்த்தவர்களின் கண்ணில் படவில்லை, அல்லது படக்கூடாது என்று முடிவு செய்துகொண்டார்கள். 'செல்லுலாயிட்' படத்தில் இந்த மறுப்பு காட்டப்பட்ட விதம் கேரள அரசியலில் சூட்டைக் கிளப்பியதையும் மறக்கவில்லை.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. 1992இல் கேரள அரசு டேனியல் பெயரில் வாழ்நாள் சாதனை விருதை ஏற்படுத்தியது. முதல் விருது டி.ஈ. வாசுதேவனுக்கு. இன்று மலையாள சினிமாவில் மாநில அரசு தரும் மிக உயர்ந்த கௌரவம் அது. தொகை ஐந்து இலட்சம் ரூபாய். டேனியல் தன் நிலத்தை விற்றதாகச் சொல்லப்படும் தொகையைவிட ஓர் இலட்சம் கூடுதல். கசப்பாகச் சிரிக்கலாம், ஆனால் விருது இருக்கிறது. வினு ஆபிரகாமின் 'நஷ்டநாயிகா' நாவல் இருக்கிறது. சேலங்காட்டின் நூல் இருக்கிறது. மாநில அரசின் சிறந்த படம் என்று பரிசு பெற்ற 'செல்லுலாயிட்' இருக்கிறது, அதைக் கிழித்துப் போட்ட விமர்சனங்களும் இருக்கின்றன. ஒரு சமூகம் தன் குற்றத்தோடு சண்டை போட்டதன் தடயங்கள் இவை.

நம் பக்கம்? ராஜா சாண்டோ பெயரில் தமிழக அரசு விருது தருகிறது, மகிழ்ச்சி. பம்பாய் மௌனப் படங்களில் பெயர் வாங்கிய புதுக்கோட்டைக்காரரை நினைவுகூர முடிந்த நமக்கு, திருவனந்தபுரத்தில் மௌனப் படம் எடுத்த அகஸ்தீஸ்வரத்துக்காரருக்கு ஒரு விருதுப் பெயர்கூட ஒதுக்க முடியவில்லை. தமிழ்த் திரை வரலாறு என்று எழுதப்படுபவை பெரும்பாலும் நடராஜ முதலியாரில் தொடங்கி, 1931இன் 'காளிதாஸ்' வழியாக விரைந்து செல்கின்றன. டேனியல் மலையாளப் படம் எடுத்தவர், ஆகவே அந்த வரலாற்றில் அவருக்கு இடமில்லை. அதே டேனியல் கேரளத்தோடு வாய்ச்சண்டை வரும்போது மட்டும் தமிழராகிவிடுகிறார். என்ன வசதி!

சிற்றிதழ் வாசகர்களை நோக்கியும் ஒன்று கேட்க வேண்டும். நம் தலைமுறைகள் போற்றி வளர்த்த பெயர்களில் ஒன்று ஜான் ஆபிரகாம். குட்டநாட்டிலிருந்து வந்தவர், 1977இல் வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ஒரு மலையாளி தமிழில் படமெடுத்ததை நாம் மொழித் துரோகமாகப் பார்க்கவில்லை. நம்முடையதாக்கிக்கொண்டோம், சரியாகவே செய்தோம். டிசம்பர் தோறும் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குப் போய் அடூரையும் அரவிந்தனையும் பேசித் திரும்புகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுடைய ரயில் நாகர்கோவில் வழியாகத்தான் போகிறது. எதிர்த்திசையில் போன ஒருவர், இங்கிருந்து சென்று அந்த ஊரின் முதல் ஸ்டுடியோவைக் கட்டியவர், நமக்கு ஏன் ஜானைப்போல் ஒரு விவாதப் பொருளாகவில்லை? ஜானிடம் இருந்த கலகக்காரக் கவர்ச்சி இந்தப் பல் வைத்தியரிடம் இல்லை என்பதாலா? தோல்வியடைந்தவர்களை நமக்குப் பிடிக்கும், ஆனால் அவர்கள் அழகாகத் தோற்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ என்னவோ.

'அது மலையாளப் படம்தானே, நாம் என்ன எழுதுவது' என்று சொல்பவர்களுக்கும் சில செய்திகள். கேரளத்தின் இரண்டாவது படம் 'மார்த்தாண்ட வர்மா'. சி.வி. ராமன் பிள்ளையின் நாவல், பி.வி. ராவ் இயக்கம். தயாரித்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ், டேனியலின் உறவினர். நாவலின் உரிமை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டுப் படத்தை முடக்கியது. அந்த வழக்கினால்தான் பிரதி பத்திரமாகப் பதிப்பகத்திடம் தங்கி, இன்று புணே ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது என்பது வேறு கதை. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் வந்தது. தயாரித்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். அகஸ்தீஸ்வரம், நாகர்கோவில், சேலம். முதல் பத்தாண்டு மலையாள சினிமாவின் மூலதனம் வந்த ஊர்கள் இவை. இதைச் சொல்லி மார்தட்டச் சொல்லவில்லை. இரண்டு சினிமாக்களின் தொடக்கத்தைப் பிரித்து எழுதவே முடியாது என்கிறோம். பிரித்து எழுதியதால்தான் நடுவில் விழுந்தவர்கள் காணாமல் போனார்கள்.

ரோசியின் விஷயத்தில் நிலைமை சற்று மாறியிருக்கிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2019இல் கேரளத் திரைப் பெண்கள் அவர் பெயரில் திரைப்படக் கழகம் தொடங்கினார்கள். 2021 முதல் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் பி.கே. ரோசி திரைப்பட விழா நடத்துகிறது. ஆச்சரியம் என்னவென்றால், அந்த விழாவை நடத்துபவர்கள் ரோசி தமிழரா மலையாளியா என்று கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. கல்லடி பட்ட ஒருவரை அடையாளம் கண்டுகொள்ள அவர்களுக்கு மொழிச் சான்றிதழ் தேவைப்படவில்லை. டேனியல் பெருமை பேசும் நண்பர்கள் அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

எங்கள் ஊருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. தூத்துக்குடியில் பிறந்த ஜே.பி. சந்திரபாபு 1974இல் இறந்தார், டேனியலுக்கு ஓராண்டு முன்பு. அவரும் இதே கரையின் கிறித்தவர். அவரும் சொந்தமாகப் படமெடுக்கப் போய் இருந்ததையெல்லாம் இழந்தவர். சந்திரபாபுவை எங்கள் ஊர் மறக்கவில்லை. குரல் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, தேநீர்க்கடை வானொலியில் இன்றும் ஒலிக்கிறது. டேனியலுக்கு அப்படி எதுவும் மிஞ்சவில்லை. ஒரு அடி சுருள் இல்லை, ஒரு நொடி குரல் இல்லை. அவருக்கு மிஞ்சக்கூடியது எழுத்து மட்டுமே, அதனால்தான் எழுதுகிறவர்கள் மீது எங்களுக்கு இத்தனை கோபம்.

பெருமிதத்தைக் கொஞ்ச நாள் ஒத்திவைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். டேனியலின் பிறந்த ஆண்டே நூலுக்கு நூல் வேறுபடுகிறது. நூலில் தகராறு என்றால் பதிவேட்டில் தேடுவதுதான் முறை, தென்திருவிதாங்கூர்ச் சபைகள் ஞானஸ்நானப் பதிவுகளைப் பேணியவை. சேலங்காட்டின் நூல் ஒவ்வொரு தமிழ் நூலகத்திலும் தமிழில் இருக்க வேண்டியது. காரைக்குடியிலும் மதுரையிலும் பழைய விளம்பரத் தாள்களையும் கடைப் படங்களையும் சேர்த்து வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பாளையங்கோட்டை. டாக்டர் டேனியலிடம் பல் பிடுங்கிக்கொண்ட பிள்ளைகளில் யாராவது உயிரோடு இருந்தால் இன்று எண்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். எந்தத் தெரு, எந்த மாடி, சுவரில் என்ன படம் மாட்டியிருந்தார், சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினாரா என்று அவர்களிடம் கேட்க இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.